காலி பாக்டீரியா

2015 ஆகஸ்ட், ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. என் மேஜையில் அறுபத்து மூன்று விண்ணப்பங்கள். அதில் நான் எடுத்துத் தனியாக வைத்த பெயர் பியூலா. இப்போது உன் கைப்பேசியில் அந்த விளம்பரத்துக்கு அடியில் இருக்கிறதே, அதே பியூலாதான் அம்மா.

எட்டிப் பார்த்தேன் என்று நினைக்காதே. ரயில் செங்கல்பட்டு தாண்டினதிலிருந்து அந்த ஒரே பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு வருகிறாய். பக்கத்துச் சீட்டில் இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டா வர முடியும்? 'செல் உயிரியல், சவ்வுப் புரதங்கள், போஸ்ட் டாக் ஆய்வாளர் தேவை, மதுரை.' நாளைக்கு நேர்காணலா? நினைத்தேன். மடியில் ஃபைல், கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் பயம். முப்பது வருஷமாக இந்த முகத்தை மேஜைக்கு அந்தப் பக்கம் பார்க்கிறவன் நான்.

நான் பேராசிரியர் சபேசன். கேள்விப்பட்டிருப்பாயே? இல்லையா? பரவாயில்லை. இப்போது யாரும் பழைய கட்டுரைகளைப் படிப்பதில்லை. திருச்சியில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, அதற்குப் போகிறேன். பையன் ஒன்றும் தேறாது, ஆனால் தேர்ச்சி கொடுத்துவிடுவோம். சாப்பாடு நன்றாகப் போடுவார்கள். உன் பெயர் என்ன? இளவேனிலா? நல்ல பெயர். நான் திருச்சியில் இறங்குவதற்குள் உனக்கு ஒரு நல்லது செய்துவிட்டுப் போகிறேன், கேட்டுக்கொள்.

அண்ணாச்சி, நீங்களும் கேட்கலாம், முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். விருதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம். போஸ்ட் டாக் என்றால் என்ன என்று இப்போதுதான் கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டவன். ஆனால் ஊசி போடத் தெரியாது. மாணவன் இல்லை, வாத்தியாரும் இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருத்தர் இருப்பாரே, பந்தி, பாத்திரம், வண்டி எல்லாம் அவர் தலையில், போட்டோவில் மட்டும் ஓரத்தில் பாதி முகம் தெரியும். அவர்தான் போஸ்ட் டாக். மூன்று வருஷம் இருப்பான். நாம் எழுதிக் கொடுத்தால் இன்னொரு வருஷம். அதற்குள் கட்டுரை வந்தால் எங்கேயாவது வேலை. வராவிட்டால் ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அறுபத்து மூன்று பேரில் ஏன் அவளை எடுத்தேன்? கேட்கிறாய், சொல்கிறேன். இரக்கம்தான். நாசரேத்துப் பக்கம். 'பாக்குதேன் சார், செய்யுதேன் சார்' என்று பேசுவாள். புருஷன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், ஒரு வயதுப் பெண் குழந்தை மாமியாரிடம். நேர்காணலில் கேட்டேன், "குழந்தையை விட்டுட்டு சென்னையில இருக்க முடியுமாம்மா?" என்று. "குழந்தைக்கு அப்பா இருக்காரே சார்" என்றாள். அந்தத் திமிரை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கமிட்டியில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெண், ஆண் என்று நான் பார்ப்பதில்லை. உன்னிடம் கேட்டிருப்பேனா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று? ஆகிவிட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியும், அண்ணாச்சிக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய எண்ணெய்ச் சுவர் இருக்கிறது. அதுதான் சவ்வு. அந்தச் சுவரில் கதவு மாதிரி பதிந்திருக்கிற சாமான்கள்தாம் சவ்வுப் புரதங்கள். காசநோய்க் கிருமியின் சுவரில் ஒரு கதவு உண்டு. நாம் மருந்தை உள்ளே அனுப்பினால் அது பிடித்து வெளியே தள்ளிவிடும். அந்தக் கதவின் உருவத்தைப் பார்த்துவிட்டால் அதற்குப் பூட்டுப் போட ஒரு மருந்து செய்யலாம். அதுதான் என் புரதம். ஆமாம், என் புரதம் என்றுதான் சொல்வேன். பதினோரு வருஷம் அதன் பின்னால் அலைந்திருக்கிறேன்.

அதைக் காசநோய்க் கிருமியிலிருந்து நேராக எடுக்க முடியாது. ஆய்வகத்தில் வளர்க்கிற சாதுவான பாக்டீரியா ஒன்றுக்குள் அந்த ஜீனை வைத்து, அதைச் செய்ய வைத்து, அதன் சுவரைச் சோப்பு மாதிரி ஒரு திரவத்தில் கரைத்து, நிக்கல் நிரப்பிய குழாயில் விட வேண்டும். நம் புரதத்துக்கு ஒரு வால் கட்டி வைத்திருப்போம், அந்த வால் நிக்கலில் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் வழிந்து போய்விடும். பிறகு ஒட்டியதைக் கழற்றி எடுத்துப் படிகமாக வளர்க்க வேண்டும், கற்கண்டு வளர்க்கிற மாதிரி. படிகம் வந்தால் எக்ஸ்ரே விட்டு உருவத்தைக் கண்டுபிடிக்கலாம். படிகம்தான் வராது. வந்தால் அது வாழ்நாளில் ஒரு தரம்.

வந்தது. 2017, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். என்னிடம் தர்ஷன் என்று ஒரு மாணவன், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தான். தங்கமான பையன். சொன்னால் சொன்னபடி. அவன்தான் ஓடிவந்தான். "சார், வந்திருச்சு சார்!" நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். துளிக்குள் குட்டிக் குட்டியாய், பட்டை தீட்டின மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அம்மா, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அன்றைக்கே பாதுஷா வாங்கி வரச் சொன்னேன். அடுத்த நாள் எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் ஆய்வக வழக்கம். அந்த நுண்ணோக்கிக்கு மட்டும் சம்பங்கி மாலையே போட்டேன். இயக்குநர் வந்து பொரி சாப்பிட்டார், படிகம் பார்த்தார், "நோபல் வாங்கினா எங்களை மறந்துடாதீங்க சபேசன்" என்றார். அந்த ஆள் பாராட்டினால் கிண்டலா நிஜமா என்று தெரியாது. அன்றைக்கு நிஜம்தான்.

எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் கையில் பொரியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். படிகம் வளர்த்தது அவள்தானே, ஒரு சந்தோஷம் வேண்டாமா? "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல சார். ஒரு சந்தேகம். நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள். அன்றைக்கு என்ன நாள்? சரஸ்வதி பூஜை. அன்றைக்குச் சந்தேகம்!

நாளைக்குச் சொன்னாள். ஜெல்லில் ஓட்டிப் பார்த்தாளாம். ஜெல் என்றால், அண்ணாச்சி, புரதங்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டுகிற ஒரு தட்டு. கனமானது மேலே நிற்கும், லேசானது கீழே போகும். என் புரதத்தின் எடை ஐம்பத்தைந்து. கிலோ இல்லை, அதற்கு ஒரு அளவு உண்டு, விடுங்கள். ஐம்பத்தைந்தில் பட்டையாக ஒரு கோடு. சரியா? நூற்றுப் பத்தில் மெல்லிசாக இன்னொரு கோடு. நான் உடனே சொன்னேன், என் புரதம் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து நிற்கிறது. அண்ணாச்சி, இரண்டு ஐம்பத்தைந்து எவ்வளவு?

பார்த்தாயா. ஜவுளிக்கடைக்காரர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சார், கிரிஸ்டலை மட்டும் எடுத்துக் கழுவி, கரைச்சு ஓட்டினேன். அம்பத்தஞ்சுல ஒண்ணுமே இல்ல. நூத்திப் பத்து மட்டும்தான் இருக்கு. அது ஜோடி இல்ல சார். இந்த பாக்டீரியாவோட சொந்தப் புரோட்டீன். அதுக்கு வால் கட்டாமலே நிக்கல்ல ஒட்டும். கொஞ்சூண்டு இருந்தாலே கிரிஸ்டல் ஆயிரும். நெறைய லேப்ல இதுல ஏமாந்திருக்காங்க சார்."

நிறைய லேபில் ஏமாந்திருக்கலாம். நிறைய லேபும் என் லேபும் ஒன்றா? முப்பது வருஷம் நிக்கலைப் பார்த்தவனுக்கு நிக்கல் பாடம். "ஜோடி சேர்ந்தது கெட்டியாச் சேர்ந்திருக்கும்மா, ஜெல்லுல பிரியல, அவ்வளவுதான்" என்றேன். தர்ஷனைக் கேட்டேன், "நீ என்னடா சொல்றே?" "நீங்க சொல்றதுதான் சார் சரியா இருக்கும்" என்றான். அவன் படித்த பையன்.

இதோடு விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். டீயா? எனக்கு வேண்டாம். இந்த ரயில் டீயைக் குடிப்பதற்கு எங்கள் ஆய்வகக் கழுவு தண்ணீரைக் குடிக்கலாம். நீ குடி.

அவள் என்ன செய்தாள், கேள். எங்களுக்குத் தெரியாமல், இல்லை, தெரியாமல் என்று சொல்ல முடியாது, தர்ஷனுக்குத் தெரிந்திருக்கிறது. காலி பாக்டீரியா வளர்த்தாள். காலி! என் ஜீன் அதில் இல்லை. ஒன்றுமே வைக்காத பாக்டீரியா. அதை லிட்டர் லிட்டராக வளர்த்து, அதே சோப்பில் கரைத்து, அதே மாதிரி நிக்கல் குழாயில் விட்டு, அதே மாதிரி துளி வைத்து, என் குளிர் அறையில் என் படிகத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். அரசாங்கம் எனக்குப் பணம் கொடுத்தது காசநோய்க் கிருமியின் கதவைப் பார்க்க. ஒன்றுமில்லாததைச் சோதித்துப் பார்க்க யாரும் பணம் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக்கூடப் போகவில்லை அவள். குழந்தை போனில் அழுததாம், தர்ஷன் சொன்னான். போக வேண்டியதுதானே? நானா போக வேண்டாம் என்றேன்?

ஜனவரியில் ஒருநாள் என் அறைக் கதவைத் தட்டினாள். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் வந்து பாக்கணும்." போனேன். நுண்ணோக்கியில் இரண்டு தட்டு வைத்திருந்தாள், மேலே பெயர் ஒட்டாமல். பக்கத்தில் தர்ஷன். "ஒண்ணு நம்ம பாக்டீரியா சார். இன்னொண்ணு காலி. நம்மது எதுன்னு சொல்லுங்க சார்."

பரீட்சை. எனக்கு. என் ஆய்வகத்தில்.

நான் பார்த்தேன். இரண்டிலும் படிகம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஒன்றில் கொஞ்சம், உடைந்த மாதிரி. இன்னொன்றில் துளி நிறைய, கூர்மையாக, முதல் நாள் பார்த்தேனே, அதே மாதிரி. இதில் என்ன கஷ்டம்? பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா? "இதுதாம்மா நம்மது" என்றேன்.

"அது காலி சார்" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். சத்தமாகச் சொல்லியிருந்தாலாவது வெளியே அனுப்பியிருப்பேன். தர்ஷன் தரையைப் பார்த்தான்.

இப்போது நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும். முகத்தில் தெரிகிறது. யோசித்துப் பார். தட்டு மாறியிருக்கலாம். குழாயைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம், பழைய புரதம் அதில் ஒட்டியிருந்திருக்கும். அதைத்தான் சொன்னேன். "புதுக் குழாய் சார். தர்ஷன்தான் உறை பிரிச்சுக் குடுத்தான்" என்றாள். பார், பழியைப் பையன் மேல் போடுகிறாள். "வேணும்னா தர்ஷனே மறுபடி செய்யட்டும் சார், நான் அந்தப் பக்கமே வரல" என்றாள். நான் அனுமதிக்கவில்லை. இந்த மாதிரி ஒருமுறை ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. அப்புறம் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதுதான். தலைமை என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

என்ன கேட்கிறாய்? நீ உன் ஆய்வில் காலிச் சோதனை செய்ததுண்டு என்கிறாயா? எப்போதுமே செய்வாயா? எந்தப் பல்கலைக்கழகம்? ம். நேரம் நிறைய இருக்கும் அங்கே.

மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் ஒரு மாநாடு. சவ்வுப் புரதக்காரர்கள் எல்லாரும் வருகிற இடம். எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். நன்றாகப் பேசினேன். படிகத்தின் படம் வந்தபோது கைதட்டக்கூடச் செய்தார்கள், இரண்டு மூன்று பேர். முடிந்ததும் முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பேர்கூட ஞாபகமில்லை. படிகத்துக்குள் புரதங்கள் செங்கல் அடுக்கின மாதிரி அடுக்கியிருக்கும் அண்ணாச்சி, அந்தச் செங்கலின் நீள அகலத்தை எக்ஸ்ரேயில் அளந்துவிடலாம். அதைக் கேட்டார். அடுத்த ஸ்லைடில் இருக்கிறது என்றேன். ஸ்லைடு வருவதற்குள் அவரே மூன்று எண்ணையும் சொல்லிவிட்டார். வந்தது. அதே எண்கள்.

அரங்கு முழுக்கச் சிரிப்பு. கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. "வருத்தப்படாதீர்கள், எங்கள் எல்லாருக்கும் ஒரு தடவை வந்து போயிருக்கிறது" என்றார். என்னவோ அம்மை போட்ட குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

இதில் உனக்கு ஒன்றும் உறுத்தவில்லையா? என் எண்கள் அவருக்கு எப்படித் தெரியும்? என் கணினியில் இருந்த எண்கள். யாரோ சொல்லாமல் தெரியுமா? ஆய்வகத்தில் அந்த எண்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், தர்ஷன், அவள். கணக்குப் போட்டுக்கொள். திரும்பி வந்ததும் கேட்டேன். "அந்தக் கிழவருக்கு நீ எழுதினியா?" அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சார், அந்தப் புரோட்டீனோட அளவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் சார். பழைய கட்டுரையிலயே இருக்கு. டிசம்பர்லயே உங்க மேஜையில வச்சேனே" என்றாள். மேஜையில் எவ்வளவோ வைக்கிறார்கள். எல்லாவற்றையுமா படிக்க முடியும்?

கட்டுரையை ஏப்ரலில் அனுப்பினேன். பெரிய பத்திரிகைகள் எல்லாம் அந்தக் கிழவர் கும்பலின் கையில். கொஞ்சம் சிறிய பத்திரிகை ஒன்று, உடனே எடுத்துக்கொண்டார்கள். அதில்தான் என் பெருந்தன்மையைப் பார்க்க வேண்டும் நீ. இவ்வளவுக்கும் பிறகு அவள் பெயரை முதலில் போட்டேன். முதல் பெயர்! ஒரு போஸ்ட் டாக்குக்கு அதுதான் சோறு. அவளுக்கு முப்பத்து நாலு வயது. மூன்று வருஷத்தில் ஒரு கட்டுரை இல்லை. செப்டம்பரோடு ஃபெலோஷிப் முடிகிறது. நான் ஒரு வரி எழுதினால் இன்னொரு வருஷம் நீட்டிப்பு. எழுதாவிட்டால் நாசரேத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். "பியூலா, இதுல உன் பேரு முதல்ல இருக்கு. படிச்சுப் பாத்துட்டு சரின்னு ஒரு மெயில் போடு. நீட்டிப்புக்கு இன்னிக்கே எழுதிடறேன்."

அவள் படித்தாள். அங்கேயே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். அப்புறம், "என் பேரை எடுத்துருங்க சார்" என்றாள்.

முப்பது வருஷத்தில் நான் கேட்டதே இல்லை அம்மா. பெயரைப் போடு என்று அழுதவர்கள் உண்டு. சண்டை போட்டவர்கள் உண்டு. மனைவி பெயரைச் சேர்க்கச் சொன்ன ஒருத்தன்கூட உண்டு. எடுத்துவிடு என்று ஒருத்தி! "குழந்தை இருக்கிறவ, யோசிச்சுப் பேசு" என்றேன். எவ்வளவு அக்கறையாகச் சொன்னேன். "யோசிச்சுட்டேன் சார். அவ பெரியவளாகிப் படிச்சா, இது என்னன்னு கேப்பா" என்றாள். நாலு வயதுக் குழந்தை சவ்வுப் புரதம் படிக்கப் போகிறதாம்! அப்போதும் கோபப்படவில்லை நான். "நாளைக்கு வரைக்கும் டைம் தர்றேன்" என்றேன். நாளைக்கும் அதையேதான் சொன்னாள்.

எடுத்துவிட்டேன். தர்ஷன் பெயரை முதலில் போட்டேன். பையன் கொஞ்சம் தயங்கினான், "சார், அக்கா சொன்னது..." என்று ஏதோ ஆரம்பித்தான். "உனக்குப் பட்டம் வேணுமா வேண்டாமா?" என்றேன். அதோடு சரி. நீட்டிப்புக்கு நான் எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்? தன் ஆய்வகத்தின் முடிவை நம்பாதவளுக்கு அந்த ஆய்வகத்தில் என்ன வேலை? செப்டம்பர் கடைசி நாள் வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். எனக்கும் வணக்கம் சொன்னாள். போகும்போது குளிர் அறையைத் துடைத்து, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். இந்த மாதிரி ஆட்கள் அதில் எல்லாம் சரியாக இருப்பார்கள்.

அப்புறம் பதினெட்டு மாதம் ஊரில் சும்மா இருந்தாள் என்று கேள்வி. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தாளாம். எனக்கு வருத்தம்தான். அழைத்துக் கேட்டிருந்தால் ஏதாவது செய்திருப்பேன். கேட்கவில்லையே.

கட்டுரையா? ஏன் அதைக் கேட்கிறாய்? 2019 நவம்பரில் பத்திரிகைக்காரர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நாலே வரி அறிவிப்பு. 'படிகம் வேறு புரதத்துடையது என்று தெரிகிறது' என்று. அந்தக் கிழவர் கும்பல் எழுதிப் போட்டிருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'பேராசிரியர் சபேசன் இம்முடிவை ஏற்கவில்லை' என்று அந்த நாலு வரிக்குள்ளேயே இருக்கிறது, போய்ப் பார். தர்ஷன் மட்டும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான், என்னைக் கேட்காமல். சின்னப் பையன், பயந்துவிட்டான். நான் மன்னித்துவிட்டேன். கட்டுரை போனதால் அவனுக்குப் பட்டம் இரண்டு வருஷம் தள்ளிப் போனது. அதுவும் யாரால்? அந்தக் காலி பாக்டீரியாவால். பட்டம் வாங்கின பிறகும் என் ப்ராஜெக்டிலேயே வைத்துக்கொண்டேன், பிள்ளை மாதிரி. வேறு யார் வைத்துக்கொள்வார்கள்?

அவளுக்கு எப்படி மதுரையில் இடம் கிடைத்தது என்று என்னைக் கேட்காதே. காலம் அப்படி. யாரோ ஒரு கமிட்டி அவளிடம், "மூணு வருஷத்துல ஏன் ஒரு கட்டுரைகூட இல்ல?" என்று கேட்டதாம். "இருந்துச்சு, என் பேரை எடுக்கச் சொல்லிட்டேன்" என்றாளாம். அதற்கே வேலை கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் வேலை செய்ததற்கு வேலை கிடைப்பதில்லை.

இப்போது அந்த விளம்பரத்தின் கடைசியைக் காட்டு. இதோ. 'விண்ணப்பத்துடன், உங்கள் சொந்த ஆய்வில் உங்களுக்கே நம்பிக்கை வராத ஒரு முடிவைப் பற்றியும், அதை என்ன செய்தீர்கள் என்பதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுக.' இது விளம்பரமா? பாவமன்னிப்புக் கூண்டு! யாரைக் குத்துவதற்கு இது என்று உனக்கு இப்போது புரிகிறதா? நீ என்ன எழுதினாய்? தீசிஸில் ஒரு படத்தை நீயே எடுத்துவிட்டாயா? கைடு ஒன்றும் சொல்லவில்லையா? அவர்தான் எடுக்கச் சொன்னாரா! சரிதான். இவர்கள் எல்லாம் ஒரு கூட்டம்.

அங்கே சேர்ந்தால் உனக்கு முதல் மாதம் என்ன வேலை தெரியுமா? டாக்டர் பட்டம் வாங்கின உனக்கு? காலி பாக்டீரியா வளர்ப்பது. சத்தியமாகச் சொல்கிறேன். புதிதாக வருகிற எல்லாரும் முதலில் ஒன்றுமில்லாததை வளர்த்து, கரைத்து, குழாயில் விட்டு, என்ன வருகிறது என்று எல்லாருக்கும் முன்னால் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் சொந்தப் புரதம். அதுதான் அவள் ஆய்வகத்தில் சடங்கு. அங்கே ஆயுத பூஜைக்கு அந்தக் காலித் தட்டுக்குத்தான் பொட்டு வைப்பார்களோ என்னவோ. எப்படித் தெரியுமா? தெரியும். விடு.

லால்குடி தாண்டிவிட்டது போலிருக்கிறதே. அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் மடக்குங்கள், பையை எடுக்க வேண்டும். தூங்கிவிட்டாரா? எப்போதிலிருந்து?

இந்தா, என் கார்டு. என்னிடமும் ஒரு போஸ்ட் டாக் இடம் காலியாக இருக்கிறது. அதே புரதம்தான். நாலு மாதமாக விளம்பரம் போட்டிருக்கிறோம். மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், மூன்றும் குப்பை. நீ வந்தால் நேர்காணல்கூட வேண்டாம். ஒரு பக்கம் இரண்டு பக்கம் என்று கதை எழுதச் சொல்ல மாட்டேன். வந்த அன்றைக்கே என் புரதத்தைக் கையில் கொடுப்பேன். யோசித்துச் சொல். யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லேன். சரி, நாளைக்கு அங்கே போய்ப் பார்த்துவிட்டே சொல். நான் சொன்னதாக மட்டும் அங்கே சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அந்தக் கார்டை ஃபைலுக்குள் வை அம்மா, டீக் கப்புக்கு அடியில் வைத்தால் நனைந்துவிடும்.

என்ன? தர்ஷனா?

அவனைப் பற்றி உனக்கு என்ன? சொல்லிக்கொண்டுதானே வந்தேன், பிள்ளை மாதிரி வைத்திருந்தேன் என்று. ஒரு நாள் காலையில் வந்து, "சார், ஒரு விஷயம்" என்றான். "அங்கே போனா உன்னையும் காலி பாக்டீரியா வளர்க்கச் சொல்வாடா" என்றேன். "தெரியும் சார். அதை ஒரு தடவை பண்ணாம விட்டுட்டேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வண்டி நிற்கிறது, வழி விடு.

இந்த வருஷம், 2024 ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை, தர்ஷன் மதுரையில் பியூலாவின் ஆய்வகத்தில் போஸ்ட் டாக்காகச் சேர்ந்தான்.